மண்ணெண்ணெயிலே மணம் வீசுதே

அக்கா,

கிறிஸ்துமஸுக்கு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவர் பிரஷ் கழுவ மண்ணெண்ணெய் கேட்டார். பழைய கேனின் அடியில் கிடந்ததை ஊற்றிக் கொடுத்தேன். வாடை வந்ததுதான் தாமதம், வாய் தன்னால் நம் பாட்டில் உன் அடியை முணுமுணுத்தது. "என்னம்மா, மண்ணெண்ணெய்க்குக்கூடப் பாட்டு இருக்கா?" என்று சிரித்தார். இருக்கிறது. நம் வீட்டில் மட்டும் இருக்கிறது.

அப்பா கட்டிய பாட்டு அது. கிறிஸ்துமஸ் காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, முன்னறையில் நின்று பாடினால்தான் இட்லியும் கறிக்குழம்பும். முதல் அடி அப்பாவுக்கு, இரண்டாவது அம்மாவுக்கு, மூன்றாவது உனக்கு, கடைசி அடி எல்லோருக்கும். "முன்னணையிலே மணம் வீசுதே" என்பது உன் அடி. மாட்டுக்குத் தீனி வைக்கிற தொட்டியை முன்னணை என்று ராஜபாளையத்தில் யார் சொல்கிறார்கள்? வேதத்திலும் பாட்டிலும்தான் அந்த வார்த்தை. ஆறு வயதில் என் காதில் அது மண்ணெண்ணெய் என்றுதான் விழுந்தது. அம்மாவோடு ரேஷன் வரிசையில் நின்றவளுக்கு மணம் வீசுவது வேறு எதுவாம்?

நான் உன்னோடு சேர்ந்து அப்படியே உரக்கப் பாட, அப்பா முறைத்தார். நீ வாயைப் பொத்திக்கொண்டு, "ஏட்டி, ஏசு பாலன் ஸ்டவ்வுலயா பொறந்தாரு?" என்றாய். மறு வருடத்திலிருந்து நீயும் மண்ணெண்ணெய் என்றே பாடினாய். கண்ணை மூடி ரசித்த அப்பாவுக்கு வித்தியாசம் பிடிபடவே இல்லை.

பிறகு, பேண்டேஜ் கம்பெனியில் உன்னோடு வேலை பார்த்த மம்சாபுரத்துக்காரரைக் கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியேறினாய். அவர் ஞானஸ்நானம் எடுக்கவில்லை என்பதுதான் குற்றம். "அவ இந்த வீட்டுப் பிள்ளை இல்ல" என்றார் அப்பா. அந்த வருடம் மூன்று பேர்தான் பாடினோம். இரண்டாம் அடி முடிந்ததும் அப்பா நேராகக் கடைசி அடிக்குத் தாவினார். மன்னிப்பைப் பற்றி ஞாயிறு தவறாமல் ஜெபிக்கிற மனிதர்.

அவரை மட்டும் சொல்லி என்ன? அன்று மத்தியானம் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். நீ ஹலோ சொல்லவில்லை. "மண்ணெண்ணெயிலே..." என்று பாடி நிறுத்தினாய். மீதியை நான் பாடக் காத்திருந்தாய். உன் மூச்சுச் சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா தலையைத் தூக்கி, "யாருட்டி போன்ல?" என்றார்.

"ராங் நம்பர்ப்பா" என்று வைத்துவிட்டேன். ரிசீவரைக் கையால் மூடக்கூட இல்லை. உனக்கும் கேட்டிருக்கும்.

நீ திரும்பக் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. பொங்கலுக்குள் மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டாய்.

இப்போது முன்னறையில் உன் படத்தைச் சுற்றி சீரியல் பல்பு மினுக்குகிறது. வருகிறவர்களிடம், "மூத்த மக, எம்புட்டு நல்லாப் பாடுவா தெரியுமா" என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். உயிரோடு இருந்தபோது படியேற விடாதவர். நேற்று என்னிடம், "இந்த வருசம் அவ அடிய நீ பாடு, தாயி" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "பாட வேண்டியவ அன்னைக்குப் போன்ல வந்தாப்பா. நாந்தான் ராங் நம்பர்னு சொல்லி வச்சுட்டேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும். அன்னைக்கே தெரியும்" என்றார்.

தெரிந்தும் அன்று கறியை இன்னொரு தரம் போட்டுக்கொண்டு சாப்பிட்டார், அக்கா. நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

போன வாரம் சோழபுரத்திலிருந்து யாரோ என் செல்லில் கூப்பிட்டு, உரக்கடை என்று நினைத்துப் பேசிக்கொண்டே போனார். ராங் நம்பர் என்ற வார்த்தை மட்டும் எனக்கு இப்போதெல்லாம் வாயில் வருவதில்லை. எத்தனை மூட்டை, எந்த வண்டி என்று அவர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். அவராக வைக்கும்வரை நான் வைக்கவில்லை.