நின்றிருந்த விமானம் திரும்பியது

அன்புள்ள நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுவது. நான் நலம். நீயும் உன் மகன் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நீ "சரி அண்ணி, சரி அண்ணி" என்று சொல்லியே பேச்சை முடித்துவிடுகிறாய். கடிதத்தை நடுவில் யாரும் வெட்ட முடியாது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் விமானம். அதை விற்றுவிடச் சொல்லி, உன் பாதிப் பங்குக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாய். நான் விற்கவில்லை. உன் அண்ணன் பங்கு இப்போது என்னுடையது. பாதிக்குச் சொந்தக்காரி சம்மதிக்காத வரை விற்க முடியாது என்று விமானக் கிளப் செயலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் நம்பிக்கையை விடவில்லை. வாரம் தவறாமல் விமானம் நிற்கும் ஹேங்கருக்கு வந்து, கசாப்புக்கடைக்காரர் ஆட்டைப் பார்ப்பதுபோல் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

விற்பதற்குப் பதிலாக அதன் காக்பிட்டை மாற்றியிருக்கிறேன். உனக்கு முகம் மனப்பாடமான அந்த ஆறு வட்ட மீட்டர்களும் இப்போது இல்லை. அவை இருந்த இடத்தில் இரண்டு மின்னணுத் திரைகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பேட்டரி. எஞ்சினே நின்றாலும் இறங்கும்வரை தாங்கும் என்கிறார்கள். கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை இரண்டு தடவை படித்தேன். எழுதியவருக்கு நிறுத்தக்குறி எங்கே வரும் என்று தெரியவில்லை. மற்றபடி சொல்லவேண்டியதைச் சொல்லியிருக்கிறார். அதில் எனக்குப் பிடித்தது ஒன்று. திரைக்கு ஒரு விவரம் கிடைக்காமல் போனால் அது ஊகித்துச் சொல்வதில்லை. அந்த இடத்தில் சிவப்பில் பெருக்கல் குறி போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஒரு பொருளை இந்த வயதில்தான் பார்க்கிறேன். மனிதர்களில் அப்படி யாரையும் நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து.

பழையதைக் கழற்றியபோது நான் கூடவே இருந்தேன். விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தப்பாகக் காட்டி, மேகத்துக்குள் உன்னை ஏமாற்றிய அந்த அடிவானக் கருவியையும், அதை இயக்கிய காற்று பம்பையும் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். பம்பை என் கண்முன்னாலேயே பிரித்தார்கள். உள்ளே இருந்த கரித் தகடுகள் உடைந்து பொடியாகிக் கிடந்தன. தேய்மானம் எதுவும் வெளியில் தெரியவில்லை. பிரித்தவன் சொன்னதை அவன் வார்த்தையிலேயே எழுதுகிறேன்: "இது முன்கூட்டியே சொல்லிட்டுக் கெட்டுப்போற சாமான் இல்லம்மா. ஜம்முனு ஓடிக்கிட்டே இருக்கும், பொசுக்குனு நின்னுடும். அப்புறம் அந்த மீட்டரு மெதுவா, ரொம்ப மெதுவா சாயும். அத நம்பித் திருப்பித் திருப்பியே எத்தன பேரு கீழ போயிருக்காங்க தெரியுமா? அந்தக்கா உள்ள இருக்கும்போதே கண்டுபிடிச்சு, அத மூடிட்டு மத்ததப் பாத்து ஓட்டிட்டு வந்திருக்காங்க. கெட்டிக்காரங்க." நான் எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

உன் அண்ணனின் இதயத்தைப் பற்றி டாக்டரும் ஏறக்குறைய இதே வாக்கியத்தைத்தான் சொன்னார். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், திடீரென்று நின்றுவிடும் என்று. நீங்கள் இருவரும் மேகத்தில் மாட்டிக்கொண்டதற்கும் அவர் இறந்ததற்கும் இடையில் ஒரு முழு மழைக்காலம் இருந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் அவர் யார் வீட்டுக்கு வந்தாலும் இந்தக் கதையைத்தான் சொன்னார். தன் கைக்குட்டையைப் பிடுங்கி நீ மீட்டர்மேல் செருகி மூடியதையும், "அண்ணே, வாய மூடிட்டு உயரத்த மட்டும் படிச்சுச் சொல்லு" என்று நீ அதட்டியதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பயந்தவர் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. டாக்டர் சொன்னதையும் நான் கேட்டிருந்தேன், இந்தச் சிரிப்பையும் கேட்டிருந்தேன். அவர் இறந்த அன்று கூடத்தில், வந்திருந்த அத்தனை பேர் முன்னால், மேகத்தில் பட்ட பயம்தான் அவரைக் கொண்டுபோனது என்று நான் சொன்னேன். நீ பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு விமானத்திலும் ஏறவில்லை. உன் கண்ணையே நம்ப முடியவில்லை என்று கிளப்பில் சொல்லிவிட்டு, மகனிடம் போய்விட்டாய்.

சரி, வேலை எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

பட்டறையில் மின் வேலை செய்கிறவனுக்கு மின்னல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்க்ரூவைக் கழற்றுவதற்குள் நான் ஒரு நாளிதழைத் தலையங்கம்வரை படித்து முடித்துவிடலாம். வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு. வேலை மெதுவே தவிர, வாய் மெதுவல்ல. "நான் கை வச்ச ரேடியோல நிலாவுல பேசுனாலும் கேக்கும்" என்பான். "முதலில் ஓடுதளத்தின் அந்தக் கோடியில் பேசுவது கேட்கட்டும்" என்றேன். "அம்மா, உங்க நாக்குக்கு ஒரு ஃப்யூஸ் மாட்டணும்மா" என்றான். பிடித்துப்போயிற்று.

திரைகள் திசையைத் தாங்களாக அறிவதில்லை. வால் பக்கத்தில், பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள சாமான் தட்டை ஒட்டி, தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார் வைத்திருக்கிறார்கள். பூமியின் காந்தத்தை உணர்ந்து வடக்கு எது என்று அதுதான் திரைக்குச் சொல்கிறது. ஹேங்கருக்கு வெளியே திசைகள் வரைந்த வட்டத்தில் விமானத்தை நிறுத்தி, ஒரு சுற்றுச் சுற்றி, அதைச் சரிபார்க்க வேண்டும். மின்னல் அதைச் செய்து முடித்துவிட்டு, கச்சிதமாக வந்துவிட்டது, வந்து பாருங்கள் என்று சொல்லி அனுப்பினான்.

போனேன். சொந்தக்காரி என்ற முறையில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். கண்ணாடிக்கு மேலே நீ எப்போதும் பார்க்கும் திரவத் திசைகாட்டியை அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அது ஒன்று சொல்லிற்று, புதுத்திரை வேறொன்று சொல்லிற்று. பன்னிரண்டு பாகை வித்தியாசம். மின்னல் தலையைச் சொறிந்தான். "நேத்து சரியா இருந்துச்சும்மா, சத்தியமா." சத்தியமெல்லாம் வேண்டாம், வடக்கைக் காட்டு என்றேன். சென்சாருக்குப் பக்கத்தில் இரும்பு ஸ்க்ரூ இருக்குமோ என்று எல்லாவற்றையும் பித்தளைக்கு மாற்றினான். மறுபடி சுற்றிப் பார்த்தான், சரியாக இருந்ததாம். மறுபடி நான் போனேன், மறுபடி கோணல். விளக்குக்குப் போகும் வயரைச் சந்தேகப்பட்டு அதை வேறு வழியாகக் கொண்டுபோனான். சரி என்றான், நான் ஏறினேன், கோணல். "நீங்க வந்தா மட்டும் இது வெக்கப்படுதும்மா" என்றான்.

எனக்குக் கேலி தாங்காது, உனக்குத் தெரியும். அதிலும் பொய்யின்மேல் கேலியை ஊற்றிக் கொடுத்தால் தாங்கவே தாங்காது. நான் இல்லாதபோது அவன் சரிபார்க்கவே இல்லை, சும்மா சொல்லி அனுப்புகிறான் என்று முடிவுகட்டினேன். ஹேங்கரின் நடுவில் நின்று, பட்டறை முதலாளி, செயலாளர், டீ குடித்துக்கொண்டிருந்த இரண்டு பைலட்டுகள் எல்லாரும் கேட்கும்படி சொன்னேன்: வடக்கு எந்தப் பக்கம் என்று தெரியாதவனை வைத்து வேலை வாங்குகிறீர்கள், இவன் கைபட்ட விமானத்தில் ஏறுகிறவர்கள் உயில் எழுதிவிட்டு ஏறட்டும். யாரும் சிரிக்கவில்லை. இனி விமானங்களின் மின் வேலையில் கை வைக்க வேண்டாம், டிராக்டர் பக்கம் போ என்று முதலாளி மின்னலிடம் சொல்லிவிட்டார். அவன் வாயைத் திறக்கவில்லை. அவன் வாயைத் திறக்காமல் நான் பார்த்தது அன்றுதான். கூடத்தில் நீ நின்ற மாதிரியே நின்றான்.

கருவிகளை ஒப்படைப்பதற்குமுன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று கேட்டுக்கொண்டு வந்தான். நான் பின்சீட்டில் இருந்தேன். திரை ஓடிக்கொண்டிருந்தது. அவன் வெளியே, இறக்கைக்கு அடியில் குனிந்திருந்தான். திரையில் இருந்த எண்ணைப் படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டியிருந்தது. பின்னால் திரும்பி, ஏறும்போதெல்லாம் சாமான் தட்டில் வைக்கும் கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் எண் மாறியிருந்தது. திரவத் திசைகாட்டி சொன்னதையே திரையும் சொல்லிற்று. நின்றுகொண்டிருக்கும் விமானம் எப்படித் திரும்பும்? பையைத் தட்டில் வைத்தேன், பன்னிரண்டு பாகை போயிற்று. எடுத்தேன், வந்தது. வைத்தேன், போயிற்று.

அந்தப் பையின் பூட்டு காந்தம். சாதாரணக் காந்தம் அல்ல. மற்ற பைகளின் பூட்டெல்லாம் தளர்வாக இருக்கிறது என்று கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தி, ஊரிலேயே பலமான பூட்டாகத் தேடி வாங்கியது.

மின்னல் இன்னும் இறக்கைக்கு அடியில்தான் இருந்தான். எதையும் அவன் பார்க்கவில்லை. பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "இப்போது சரியாகிவிட்டது, எதைத் தொட்டாய்?" என்று கேட்டிருந்தால் போதும். எதையாவது தொட்டதாக நினைத்துக்கொண்டிருப்பான். நானும் பெரிய மனது பண்ணி முதலாளியிடம் அவனுக்காகப் பரிந்து பேசியிருக்கலாம். நல்ல பெயர் இரண்டு பேருக்கும் கிடைத்திருக்கும். இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தேன் என்பதையும் எழுதிவைக்கிறேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவன் எழுந்து வருவதற்குள் யோசித்து முடித்துவிட்டேன்.

எங்கள் கான்வென்ட்டில் மதர் ஒரு விதி வைத்திருந்தார். குற்றம் சாட்டிய அதே சத்தத்தில், குற்றம் சாட்டியபோது இருந்த அதே ஆட்கள் முன்னால்தான் மன்னிப்பும் கேட்க வேண்டும். தனியாக, காதோடு கேட்கும் மன்னிப்பு திருட்டு. நடுவில் 'ஆனால்' வரக்கூடாது. பிள்ளையாக இருந்தபோது அடுத்தவளை மன்னிப்புக் கேட்கவைக்க இந்த விதியை நான் நிறையப் பயன்படுத்தியிருக்கிறேன்.

முதலாளியையும் செயலாளரையும் கூப்பிட்டேன். இரண்டு பைலட்டுகளில் ஒருவர் கிளம்பிவிட்டார். அவர் திரும்பி வரும்வரை எல்லாரையும் காக்கவைத்தேன். பையைத் தட்டில் வைத்தும் எடுத்தும் காட்டினேன். பிறகு ஹேங்கரின் நடுவில், முன்பு நின்ற இடத்திலேயே நின்று, கோணல் என் பையினுடையது, இவர் வேலை முதல்நாளே சரியாக இருந்தது, எல்லார் முன்னாலும் இவரைப் பொய்யன் ஆக்கியது நான், மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன். நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

மின்னல் பையை வாங்கித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு வாட்டி வால அவுத்தேன். ஒரு பைக்காக" என்றான். பிறகு, "நானும் தட்டுல என்ன இருக்குன்னு பாத்திருக்கணும்மா. உங்களப் பாத்தா பயம், பையப் பாக்கத் தோணல" என்றான். முதலாளி அவனை விமானத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது அந்தத் தட்டின்மேல் 'காந்தம் வைக்காதே' என்று ஒரு பட்டை ஒட்டியிருக்கிறது. 'காந்தம்' என்பதற்குப் பக்கத்தில் யாரோ பென்சிலில் 'அம்மா' என்றும் சேர்த்திருக்கிறார்கள். யார் என்று விசாரிக்கவில்லை.

வேலை முடிந்துவிட்டது. இனி ஒருவர் அதை எடுத்துப் பறந்து பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். கிளப்பில் இரண்டு பேர் முன்வந்தார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். உன் உரிமத்தைப் புதுப்பிக்கத் தேர்வாளரோடு சில தடவை பறந்து காட்டினால் போதும் என்கிறார்கள். தேர்வாளர் உன்னிடம் பறக்கப் பழகியவர்தானாம். உன் பெயரைச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

அது முடிந்த பிறகு ஒரு நாள் குறிப்போம். அன்றைக்கு ஓடுதளத்துக்கு வரும்படி சிலரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உன் பெரியம்மா மகன், அவன் மனைவி, மாடிவீட்டுக்காரர்கள், உன் அண்ணனின் அலுவலக நண்பர்கள், என் தங்கை. அவர் இறந்த அன்று கூடத்தில் இருந்தவர்களில் உயிரோடும் ஊரிலும் இருக்கிற எல்லாரும் வருகிறார்கள். எதற்கு என்று கேட்டவர்களுக்கு, எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். சொல்லி முடித்ததும் உனக்குப் பக்கத்து இருக்கையில் நான் ஏறுகிறேன். இத்தனை வருடங்களில் நீங்கள் இருவரும் கெஞ்சியும் நான் ஒரு தடவைகூட அதில் பறந்ததில்லை. உன் அண்ணனைப்போல் என்னால் வரைபடத்தை மடித்துக் கொடுக்க முடியாது. உயரத்தை வேண்டுமானால் படித்துச் சொல்கிறேன்.

உன் கையெழுத்துப் போட்ட தாள் பத்திரமாக இருக்கிறது. கிழிக்கவில்லை. ஏறி இறங்கிய பிறகும் விற்கத்தான் வேண்டும் என்று நீ சொன்னால் நானும் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறேன். தபாலில் அல்ல, நேரில்.

அன்று மேகம் இருந்தால் என்ன செய்வது என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும். போகலாம் என்றால் போவோம், திரும்பலாம் என்றால் திரும்புவோம். நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். வா.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அண்ணி