மண் கேட்காத செடி

என் தங்கத்துக்கு,

வீட்டைப் பூட்டிவிட்டு என்னோடு வந்துவிடு என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுகிறாய். பதில் சொல்கிறேன், கேள்.

அப்பா போன பிறகு, அவருடைய ஆர்க்கிட் செடி வெறும் கரித்துண்டில் நிற்கிறதே, பாவம் என்று தொட்டி நிறைய மண் போட்டேன். செடி வாடிவிட்டது. பக்கத்து வீட்டு நர்ஸ்தான், "ஐயோ அக்கா, சோறு ஊட்டுறேன்னு மூச்சை அடைச்சிட்டீங்களே! இது காத்துலயே வாழுறது" என்று சிரித்தாள்.

மண்ணைக் கழுவிவிட்டுப் பழையபடி கரியில் வைத்தேன். தண்ணீர் தெளித்ததும் வெள்ளை வேரெல்லாம் என் கண்ணெதிரே பச்சையாக மாறியது. எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. காற்றைக் குடித்து ஒரு உயிர் இப்படி நிற்குமா!

பல மாதம் கழித்து இன்று நாலு மொட்டு. அவர் இல்லாமலும் அதற்குப் பூக்கத் தெரிகிறது, கண்ணு. விரியும்போது வீடு பூட்டிக் கிடக்கக் கூடாது.

உன் அம்மா