உங்கள் குரலுக்கு ஒரு வட்டு

திங்கட்கிழமை

என் அன்புக்குரிய உங்களுக்கு,

வீட்டில் எல்லோரும் நலம். அங்கே உங்கள் நலத்தைப் பற்றி உங்கள் தம்பி தினமும் போனில் ஒப்பித்துவிடுகிறார். நேற்று ஆஸ்பத்திரி சூப்பை முறைத்துப் பார்த்துவிட்டு முழுக்கக் குடித்தீர்களாம். கெட்டிக்காரர்.

அவர் போனை உங்கள் காதில் வைக்கச் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். நான் 'ஹலோ' என்று சொன்னால் நீங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ஆளா? வாயைத் திறந்து பேசவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கடிதத்துக்குக் குறுக்கே பேச முடியாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இன்றுதான் நான் ஒரு விஷயத்தை ஆரம்பித்து முடிக்கப் போகிறேன்.

மார்க்கெட்டில் உங்கள் இடத்தில் கணக்குப்பிள்ளைதான் நின்று ஏலம் விடுகிறார். அவர் கூடையைத் தூக்கிக் காட்டி, தொண்டையைச் செருமி, ஒரு விலை சொல்வதற்குள் தக்காளி பழுத்துவிடுகிறது என்று கடைக்காரர்கள் புலம்புகிறார்கள். வாழைக்காய் மொத்தக்காரர் என்னை வழியில் நிறுத்தி, "அண்ணன் குரல் கேட்டாத்தாம்மா எங்களுக்கு விடியும்" என்றார். அந்தக் குரலுக்காகத்தான் நான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

நீங்கள் எதிரொலி வராமல் இருக்க அலமாரிக்குள் போர்வைகளுக்கு நடுவே உட்கார்ந்து பதிவு செய்த வாக்கியங்களில் பாதியைத்தான் இணையம் வழியாகப் பேச்சுப் பயிற்சியாளர் அம்மாவுக்கு அனுப்ப முடிந்தது. நம் வீட்டு இணைப்பின் லட்சணம் உங்களுக்குத் தெரியும். மீதியை டிஸ்க்கில் எழுதி நேரில் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார். நீங்கள் தட்டெழுதுவதை உங்கள் குரலிலேயே பேசுகிற இயந்திரக் குரல் செய்ய அது போதும். ஆனால் நமக்கென்று ஒரு பிரதி வேண்டாமா? பெரியவளும் வாண்டும் வளர்ந்து, அவர்களுக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகும் திறந்து கேட்கிற மாதிரி?

நான் ஸ்கேன் சென்டரில் நாள் முழுக்க டிஸ்க் எழுதிக் கொடுக்கிறவள். இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். போன மாதம் ஒரு வங்கிக் காவலாளி வேறு ஏதோ ஊரில் எடுத்த பழைய ஸ்கேனைக் கொண்டுவந்தார். கட்டி வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உறையைவிட்டு வெளியே எடுக்காமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாராம். கீறல்கூட இல்லை. எங்கள் கம்ப்யூட்டர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே துப்பிவிட்டது. அவர் அந்த டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்த முகம் என்னை விடவே இல்லை.

அதற்குப் பிறகுதான் விசாரிக்க ஆரம்பித்தேன். அழித்து அழித்து எழுதுகிற வகை நமக்கு ஆகாது. கைதவறி ஒருநாள் உங்கள் மேல் கார்ட்டூன் ஏறிவிடும். ஒரே ஒரு முறை எழுதுகிற வகைதான் வேண்டும். அதிலும் மலிவானவற்றில் உள்ளே இருக்கிற சாயம் வெயிலுக்கும் புழுக்கத்துக்கும் வெளுத்துப்போகிறது. வெள்ளிப் பூச்சு காற்றுப் பட்டால் கறுக்கிறது. தங்கப் பூச்சு கறுப்பதில்லை. பெட்டியின் மேல் போட்டிருக்கிற கம்பெனிப் பெயரை நம்பியும் பிரயோஜனம் இல்லை. ஒரே பெயரில் இரண்டு மூன்று தொழிற்சாலைகளின் சரக்கு வருகிறது. டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்தத் தொழிற்சாலை என்று அதன் உள்குறியைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைக்காரர் ஒருவர் "லைஃப் டைம் வாரண்டிம்மா, கண்ணை மூடிட்டு வாங்குங்க" என்றார். யாருடைய லைஃப் என்று கேட்டேன். டிஸ்க்குடையதா, என்னுடையதா, உங்கள் கடையுடையதா? அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கடையையே ஏலம் விட்டிருப்பீர்கள்.

நீங்கள் ஊருக்குக் கிளம்பும் முன்பு ஜன்னலில் நான் சாய்த்து வைத்திருந்த டிஸ்க்குகள் ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி என்று நினைத்து அதில் மீசையைச் சரிசெய்தீர்கள். அது பரீட்சை. பாதியைக் காகிதத்தால் மூடி, மீதியை வெயிலில் காயவிட்டேன். டிஸ்க் எத்தனை இடத்தில் திணறுகிறது என்று கோடு போட்டுக் காட்டுகிற மென்பொருள் ஒன்று இருக்கிறது. மலிவுச் சரக்குக்குக் கோடு எகிறிப் போயிற்று. தங்கப் பூச்சு போட்டது அசையவில்லை. அதையே வரவழைத்திருக்கிறேன். இன்னொரு தொழிற்சாலையின் டிஸ்க்கும் சொல்லியிருக்கிறேன், அதில் சாயமே கிடையாது, கல் மாதிரி ஒரு படலத்தில் பள்ளம் செதுக்குகிறது. ஒன்று காலை வாரினாலும் மற்றது நிற்கும். பார்சல் இந்த வாரம் வந்துவிடும். அதுவரை அவசரத்துக்கு ஸ்கேன் சென்டர் டிஸ்க்கிலேயே ஒரு பிரதி போட்டு வைத்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு நீங்கள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று தம்பி சொன்னார். குரல்பெட்டியை எடுத்த பிறகு நான் யார் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினீர்களாம். நீங்கள் யார் என்று வீட்டில் மூன்று பேருக்குத் தெரியும். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சூப்பைக் குடியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி


சனிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது பதறாதீர்கள். நடுவில் கொஞ்சம் மோசமாக இருக்கும், முடிவு நல்லபடியாக இருக்கும். முதலிலேயே சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை மதியம் இடி இடித்தது. நான் வேலையில் இருந்தேன். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ரப்பர் கருகின வாசனை. கம்ப்யூட்டர் போய்விட்டது. உங்கள் பதிவுகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கும் அதிலேயே செருகியிருந்தது, அதுவும் போய்விட்டது. மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "போர்டே வெந்துபோச்சுக்கா. வெளியூருக்கு அனுப்பித்தான் பார்க்கணும், வரும்னு வாக்குக் குடுக்க மாட்டேன்" என்றார்.

ஆனாலும் ஸ்கேன் சென்டர் டிஸ்க்குகள் இருக்கின்றனவே என்று மறுநாள் எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடினேன். மூன்று டிஸ்க்குகள். முதல் இரண்டும் மறுபேச்சில்லாமல் திறந்தன. மூன்றாவது சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது, அந்தக் காவலாளியின் டிஸ்க் மாதிரியே வெளியே வந்துவிட்டது. பயிற்சியாளருக்குப் போகாத வாக்கியங்கள் பெரும்பாலும் அதில்தான் இருந்தன. எழுதி முடித்ததும் சரிபார்த்துத்தான் வைத்தேன். ஆனால் எழுதிய நம் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே சரிபார்த்தேன். தன் கையெழுத்து தனக்குப் புரியாதா? மற்றவருக்குப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அழவில்லை. அழுதால் மானிட்டர் தெரியாது.

கல்யாண வீடியோ எடுக்கிற நம் ஃப்ளாஷ் அண்ணன் கடைக்குப் போனேன். அவரிடம் புதிதும் பழசுமாக ஐந்தாறு டிரைவ் இருக்கின்றன. விஷயத்தைச் சொன்னதும் கையில் இருந்த ஆல்பத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார். ஒவ்வொரு டிரைவாகப் போட்டுப் பார்த்தோம். எல்லாமே முகத்தைத் திருப்பிக்கொண்டன. கடைசியில் மேசைக்கு அடியில் இருந்து செங்கல் கனத்தில் ஒரு பழைய டிரைவை இழுத்தார். "இது கிழம்தான், ஆனா பொறுமைசாலி" என்றார். துடைத்துப் போட்டார். அது முனகியது. நாங்கள் மூச்சுவிடவில்லை. ஒரு கோப்பு வந்தது. பிறகு இன்னொன்று.

சரியாக வந்திருக்கிறதா என்று அவர் ஒன்றைத் திறந்தார். கடை முழுக்க உங்கள் குரல்: "பூசணிக்காய் கூரை மேல் உட்கார்ந்திருக்கிறது." படம் எடுக்க வந்திருந்த ஒரு மணப்பெண் திரும்பிப் பார்த்தாள். ஃப்ளாஷ் அண்ணன் சிரித்தார். நான் அப்போதுதான் அழுதேன். மணப்பெண்ணின் அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

எல்லா வாக்கியங்களும் வந்துவிட்டன. ஒன்றைத் தவிர மற்ற எல்லாம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பார்சலில் வந்த டிஸ்க்குகளை அவர் கடையிலேயே எழுதினோம். அவசரப்படாமல், நடுத்தர வேகத்தில். எழுதியதை வேறு டிரைவில் போட்டுச் சரிபார்த்தோம், கோடு தரையோடு தரையாக இருந்தது. மேலே லேபிள் ஒட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பசை உள்ளே இறங்குமாம். நடுத் துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் மட்டும் தண்ணீர் மைப் பேனாவால் எழுதினேன். 'அப்பா' என்று எழுத அந்த இடம் போதும். ஒரு செட் நம் படுக்கையறை அலமாரியில், வெளிச்சம் படாமல், கெட்டிப் பெட்டியில் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். இன்னொரு செட் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டது. இடி இரண்டு ஊரிலும் ஒரே நாளில் விழாது. மூன்றாவதை நேற்று பயிற்சியாளர் அம்மா கையில் கொடுத்தேன். வருஷத்துக்கு ஒருமுறை எடுத்துச் சோதிப்பேன், கோடு எழும்பினால் புது டிஸ்க்குக்கு மாற்றிவிடுவேன். என்னை மீறி உங்கள் குரல் எங்கேயும் போகாது.

அதனால் இனிமேல் உங்களுக்குச் சாக்கு இல்லை. குரல் போய்விடுமே என்றீர்கள். குரல் இங்கே இருக்கிறது. தம்பியிடம் டாக்டர் சொன்னதையும் நான் கேட்டேன்: தள்ளிப்போட்டால் கட்டி பரவி, இன்று எடுப்பது போதாமல் போய்விடும். தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

தொலைந்த ஒன்று உங்கள் சிரிப்பு. அலமாரிக்குள் இருந்தபோது கம்பி கழன்று துணியெல்லாம் தலையில் விழுந்ததே, அன்றைக்குச் சிரித்தது. அந்தக் கோப்பு மட்டும் எழவில்லை. எந்த இயந்திரமும் அதைச் செய்து தராதாம், கேட்டுவிட்டேன். ஆபரேஷனுக்கு முன்னால் தம்பியின் போனில் ஒருமுறை சிரித்து அனுப்புங்கள். டாக்டர் பேசத்தான் கூடாது என்றார். சிரிப்புக்கும் ஒரு வார்த்தை அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும்,
உங்கள் மனைவி


வெள்ளிக்கிழமை

என் உயிருக்கு உயிரான உங்களுக்கு,

இப்படி எழுதிப் பழக்கமில்லை. இந்த ஒருமுறை எழுதிவிட்டேன், சிரிக்காதீர்கள். தையல் பிரிந்துவிடும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று தம்பி சொன்னபோது ஸ்கேன் அறையில் ஒரு பேட்டரி வியாபாரி படுத்திருந்தார். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனை எடுத்திருந்தேன். அவர் பாவம், நான் விடச் சொல்கிற வரைக்கும் பிடித்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்து விஷயம் தெரிந்ததும், "நல்ல சேதிக்காகப் பிடிச்ச மூச்சும்மா, பரவாயில்ல" என்றார்.

சிரிப்பு அதற்கு முந்தின நாளே வந்து சேர்ந்துவிட்டது. தம்பி என்ன சொல்லிச் சிரிக்கவைத்தார்? கணக்குப்பிள்ளை ஏலம் விடுவதை நடித்துக் காட்டினாராமே. பின்னால் ஒரு நர்ஸ் சிரிப்பதும், ஏதோ தட்டு கீழே விழுவதும் சேர்ந்தே பதிவாகியிருக்கிறது. தொலைந்ததைவிட இது நன்றாக இருக்கிறது. அன்றே மூன்று புது டிஸ்க்கில் எழுதி, செட்டுக்கு ஒன்றாக அனுப்பிவிட்டேன்.

நேற்று நீங்கள் தட்டெழுதி அனுப்பிய முதல் பேச்சைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்டேன். உலகத்தில் எத்தனையோ இருக்க, "காலி அறையில் ஃபேன் ஓடுகிறதா, போய் நிறுத்து" என்றா ஆரம்பிப்பீர்கள்? பெரியவள் நிஜமாகவே எழுந்து ஓடினாள். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாண்டு, "அப்பாவுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டான். கொஞ்சம் என்றேன். அவனுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கும்தான். உங்கள் குரலேதான் என்று பொய் சொல்ல மாட்டேன். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே நீங்கள் மூச்சு வாங்குகிற இடம் அதில் இல்லை. ஆனால் என்னை அதட்டும்போது சுருதி அப்படியே வருகிறது.

பயிற்சியாளர் அம்மா இன்னொன்றும் சொன்னார். காயம் ஆறிய பிறகு கழுத்தில் சின்ன வால்வு வைத்து, பழகப் பழக நீங்களே வாயால் பேசலாமாம். "கரகரன்னு இருக்கும். ஏலம் விடுற சத்தம் வராது. ஆனா அது அவர் பேசுறதுதான்" என்றார். இதை உங்களிடம் டாக்டர் சொல்லியிருப்பார், நீங்கள் சிலேட்டைத் திருப்பி வைத்திருப்பீர்கள். கரகரப்பெல்லாம் எனக்குக் கணக்கே இல்லை. என் குறட்டையை நீங்கள் பொறுத்துக்கொள்ளவில்லையா?

பார்சலில் வந்த டிஸ்க்குகளில் பாதி இன்னும் காலியாக இருக்கின்றன. ஃப்ளாஷ் அண்ணன் கேட்டார், கொடுக்கவில்லை. பிரிக்காமல் அலமாரியில் வைத்திருக்கிறேன். அவை அந்தக் கரகரப்புக்காக. நீங்கள் திக்கித் திணறிச் சொல்லப்போகிற முதல் வார்த்தைக்காக, பெரியவளோடு போடப்போகிற சண்டைக்காக, வாண்டு வளர்ந்து கல்யாணம் முடிக்கிற அன்றைக்கு நீங்கள் எழுந்து நின்று பேசப்போகிற நாலு வார்த்தைக்காக.

நிறைய டிஸ்க் வாங்கியிருக்கிறேன். எல்லாவற்றையும் நிரப்ப வாருங்கள்.

உங்கள் வருகைக்காக வாசல் கதவைத் திறந்து வைத்திருக்கும்,
உங்கள் மனைவி