இந்த வருஷம் ஏணி நம் வீட்டில்

தூத்துக்குடி
1.10.1976

பம்பாயில் இருக்கும் மகன் செந்தூர்பாண்டிக்கு, அப்பா தளவாய் சொல்லச் சொல்ல அடுத்த தெரு மெட்டில்டா டீச்சர் எழுதுவது. இங்கே நான் சுகம். நீயும் மருமகள் பேச்சித்தாயும் சுகமாக இருக்கச் செந்தூர் முருகன் துணையிருப்பான்.

நம் வீடு கட்டி எத்தனை வருஷம் ஆயிற்று என்று தாணுலிங்கத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறாயாம். கட்டினவன் நான் இருக்கும்போது பக்கத்து வீட்டுக்காரனிடம் கேட்பானேன்? நான் சொல்கிறேன், கேட்டுக்கொள். சுதந்திரம் வந்த வருஷம் கார்த்திகைக் கடைசியில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினோம். காந்தியைச் சுட்டுவிட்டார்கள் என்று தை மாதம் சேதி வந்தபோது நடுச்சுவர் இடுப்பு உயரம் நின்றது. கொத்தனார் எஸ்றா கரண்டியைச் சாந்துச் சட்டியில் போட்டுவிட்டுப் போனவர், மூன்று நாள் வரவில்லை. வேலை நின்ற இடத்தில் இன்றைக்கும் சுண்ணாம்பு நிறம் மாறி ஒரு கோடு ஓடுகிறது. தாணுலிங்கத்தைக் கேட்டால் மாசி மாதம் என்பான். அவனுக்கு எழுத்துதான் தெரியும், ஞாபகம் கிடையாது.

அந்தச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது. இரண்டு கூரைத் தண்ணியும் அதன்மேல் கிடக்கிற தகரப் பீலியில் விழுந்துதான் தெருவுக்குப் போகிறது. பூவரசு இலை அடைத்தால் தண்ணி தேங்கிச் சுவருக்குள் இறங்கும். சுவர் ஊறினால் இரண்டு வீடும் போச்சு. அதனால்தான் புரட்டாசியிலேயே பீலியைக் கூட்டி, உப்புக்காற்றில் துருப்பிடித்த இடத்தில் தார் பூசி, உடைந்த ஓடுகளை மாற்றிவிடுவோம். ஒரு வருஷம் அவன், ஒரு வருஷம் நான். ஏறுகிறவன் வீட்டில் அந்த வருஷம் ஏணி இருக்கும். இந்த வருஷம் ஏணி நம் வீட்டில்.

அப்படியிருக்க, அப்பாவை ஏறவிடாதீங்க மாமா, நீங்களே பாத்துக்கிடுங்க என்று நீ அவனுக்கு எழுதலாமா? கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, உன் மவன் உத்தரவுலே, ஏணிய எடு என்கிறான். அதுவும் தெருக்குழாயில் பொம்பளைகள் குடத்தோடு நிற்கும்போது. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் முழங்கால் மட்டும் இரும்பா? ஐந்தாம் வகுப்புப் படித்தான், சரி. பல் ஒன்றுகூட விழவில்லை, அதுவும் சரி. அவனுக்குப் பிள்ளையில்லை. அதற்காக என் பிள்ளை எழுதின கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவானா? அவனுக்கு வந்தது மூன்று. எனக்கு ஆடியில் ஒரு கார்டு வந்ததோடு சரி. அதையும் அவன்தான் வாசித்தான். பதிலையும் அவன்தான் எழுதினான். நான் சொன்னதை எழுதினானா, தன் கதையை எழுதினானா, யார் கண்டது? அதனால்தான் இந்தத் தடவை டீச்சர் வீட்டுக்கு வந்தேன்.

ஏணியைப் பின்கட்டில் வைத்துப் பூட்டிவிட்டேன். கால் வீக்கம் வடிந்ததும் நானே ஏறுவேன். இதையெல்லாம் எழுத வேண்டாம் பெரியவரே என்று டீச்சர் சொல்லுகிறார். எழுதுங்கள் என்றேன். இனி வீட்டைப்பற்றி எதுவானாலும் எனக்கு எழுது.

மருமகளுக்கு ஆசீர்வாதம்.

அப்பா,
தளவாய் (கைநாட்டு)


தூத்துக்குடி
9.11.1976

மகன் செந்தூர்பாண்டிக்கு அப்பா. இதையும் டீச்சர்தான் எழுதுகிறார்.

நடுச்சுவர் நிற்கிறது. நீ பயந்துவிடாமல் இருக்க அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கால் வீக்கம் வடியவில்லை. நான் ஏறவில்லை. அவனுக்கு ஏணியைக் கொடுக்கவும் இல்லை. தீபாவளி கழிந்து பத்தாம் நாள் காலையில் மழை பிடித்தது. மத்தியானத்துக்குள் எஸ்றா நிறுத்தின அந்தக் கோட்டுக்கு மேலே சுவர் கறுத்துக்கொண்டே வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, சுவரு ஊறுதுலே, ஏணியத் தா என்று கேட்டான். இந்த வருஷம் என் முறை என்றேன். மறுபடி கேட்டான். நான் பூட்டைத் திறக்கவில்லை. அவன் என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்பது எனக்கு நன்றாக இருந்தது. டீச்சரிடம் அதையும் எழுதச் சொல்லிவிட்டேன்.

அதற்குமேல் அவன் காத்திருக்கவில்லை. பெஞ்சின்மேல் முக்காலியைப் போட்டு, மதிலைப் பிடித்து ஏறியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் தெருப்பக்கம் தண்ணி கொட்டுகிறது கேட்டது. பீலி திறந்துவிட்டது. அப்போதும் என் மனசில் வந்தது என்ன தெரியுமா? இதையும் பம்பாய்க்கு எழுதிப் பீற்றிக்கொள்வானே என்றுதான். நினைத்து முடிக்குமுன் ஈர ஓட்டில் சறுக்கி நம் முற்றத்தில் வந்து விழுந்தான்.

இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. பின்கட்டுப் பூட்டைத் திறந்து, அந்த ஏணியின்மேல் சாக்கு விரித்து, அதில் படுக்கவைத்துத்தான் தெரு ஆட்கள் அவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். நான் கூடவே நொண்டிக்கொண்டு போனேன். வழியில் கண்ணைத் திறந்து என்னைத் தேடினான். இப்பமாவது ஏணியக் குடுத்தியேலே என்றான். தூக்கினவர்கள் சிரித்துவிட்டார்கள்.

எட்டு நாளாகக் கஞ்சி கொண்டுபோகிறேன். அங்கேயும் நர்ஸுப் பிள்ளைகள் அவனைச் சுற்றித்தான் நிற்கின்றன. நான் தூக்குவாளியோடு ஓரமாக நிற்கிறேன். காய்ச்சல் விட்டபாடில்லை. டாக்டர் வயசைக் கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறார்.

அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் உன் மூன்று கடிதமும் இருந்தன. டீச்சரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அப்பா நேரத்துக்குச் சாப்பிடுதாகளா மாமா, முழங்காலுக்கு எண்ணெய் போடுதாகளா, நான் கேட்டா கோவப்படுதாக என்று மூன்றிலும் அதே பேச்சு. வீட்டு வயசைக் கேட்டதும் கூரை இன்னும் எத்தனை மழை தாங்கும், அப்பா நனையாமல் படுக்க வேண்டுமே என்பதற்குத்தானாம். தாணுலிங்கம் தனியாகப் பொங்கித் தின்கிறவன், அவன் சுகத்தைக் கேட்டு ஒரு வரி இல்லை. அதைத்தான் நெஞ்சோடு வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். நான் அதற்குப் போய் வயிறெரிந்தேன்.

மழை இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. ஆள் விட்டுத் தார் பூசிவிட்டேன். வீட்டை நினைத்து நீ கவலைப்படாதே. எனக்குக் கடிதம் வராவிட்டாலும் பரவாயில்லை. தாணுலிங்கத்துக்கு ஒன்று எழுது. வலி எப்படி மாமா, தூக்கம் வருதா என்று கேள். என்னைப்பற்றி ஒரு எழுத்தும் அதில் வேண்டாம். நானே கொண்டுபோய் அவன் கையில் கொடுக்கிறேன். இன்றைக்கே எழுது.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாயிருங்கள்.

அப்பா,
தளவாய் (கைநாட்டு)

ரேகை வைத்த பிறகு சொல்வது. சுவர் கட்டின எஸ்றா போய்விட்டார். சாந்து சுமந்து கொடுத்த உன் அம்மா சண்முகத்தாய் போனாள். பக்கத்து வீட்டில் அவன் பெண்டாட்டி பிச்சம்மாள் போனாள். தோணிக்கு எங்களோடு மூட்டை சுமந்தவர்களில் ஒருத்தர் மிச்சமில்லை. இப்போது ஊரே என்னைப் பெரியவரே என்கிறது. ஏலே தளவாய் என்று என்னைக் கூப்பிட உயிரோடு இருப்பது தாணுலிங்கம் ஒருத்தன்தான்.