கரையில் நின்றவனின் துடிப்பு

வைகாசி, செவ்வாய் இரவு.

இதயக் குழாய் அடைப்பை நீக்கிய பிறகு, ஆசிரியையான என் மனைவி ரெஜினாவை நீந்த விட்டார் மருத்துவர். ஆனால் நாடித்துடிப்பு நூற்றிருபதைத் தாண்டக்கூடாது. தாண்டிக்கொண்டே இருந்தால் நீச்சலை விட்டுவிட வேண்டும். அதனால் ஒவ்வொரு முறை அவள் சுவரைத் தொடும்போதும் நான் குனிந்து அவள் கையிலுள்ள, துடிப்பைக் காட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறேன்.

இன்று நூற்றிருபத்தாறு காட்டியது. "போதும், ஏறி வா" என்று கத்திவிட்டேன்.

"உங்க மூஞ்சியப் பாத்தாத்தாங்க எனக்குப் படபடங்குது. செத்த நேரம் அங்கிட்டுப் போங்க" என்றாள். நீச்சல்குளத்திலிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

கிணற்றிலும் கண்மாயிலும் மூழ்கியவர்களைப் பற்றி நிருபராக எத்தனையோ செய்திகள் எழுதியிருக்கிறேன். அதை இவளிடம் எப்படிச் சொல்வது? வாசல் டீக்கடைக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது அதே தூரத்தை நீந்தி முடித்திருந்தாள். நூற்றெட்டு. எனக்கு நம்பிக்கை வரவில்லை. பயிற்சியாளர் கவிதாவிடம் இன்னொரு முறை பார்க்கச் சொல்லிவிட்டு, முதுகைக் காட்டி நின்றேன். நூற்றாறு என்றாள்.

பிறகு அதே கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினாள் கவிதா. "சும்மா நிக்கிற உங்களுக்கு நூத்திப் பதினாலு. ஏன் சார் இம்புட்டுப் பதறுறீங்க? டீச்சர் நல்லாத்தான் இருக்காங்க."

"நாளைக்கு ஆழமில்லாத பக்கம் இவரையும் இறக்கி விடும்மா" என்றாள் ரெஜினா.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். இப்போது பார்த்தால், காலையில் கொண்டுபோகும் பையில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன.