நான்கு மணிக்கு எடுத்த குரல்

இயேசு மரி சூசை துணை

திண்டிவனம்
13.6.2021, ஞாயிறு

என் அன்பு மகன் வல்லரசுக்கு அம்மா எழுதுவது. மஸ்கட்டின் வெயிலும் இந்த வியாதியும் உன்னைத் தொடாமல் ஆண்டவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நம்பித்தான் தினமும் கண் விழிக்கிறேன். எனக்கு மூச்சு சீராக இருக்கிறது, ரசம் கொதித்தால் வாசனை தெரிகிறது, இந்தக் காலத்தில் நலம் என்றால் அதுதானே. உன் அக்கா சங்கவியும் பிள்ளையும் புதுச்சேரியில் சுகம், பிள்ளை போனிலேயே பள்ளிக்கூடம் படிக்கிறான், எழுத்து மட்டும் கோணல் மாணலாக வருகிறதாம். தபால் போவது நிச்சயமில்லை என்பதால் இதை எழுதி முடித்ததும் எங்கள் மடத்து சிஸ்டர் கலைப்பிரியா பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார்கள். வியாழக்கிழமை நீ பேசும்போது ஏன் அம்மா உன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், தொண்டை என்று சொல்லிவிட்டேன். அது பொய். போனில் சொன்னால் நீ நடுவில் பயந்துபோய்ப் பேசுவாய், நானும் பாதியில் நிறுத்திவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

இன்று அந்தோனியார் திருநாள். போன வருஷமும் தேர் இல்லை, இந்த வருஷமும் இல்லை. கோயில் பூட்டிக் கிடக்கிறது. மதரும் மூன்று சிஸ்டர்களும் நானும் மடத்துச் சிற்றாலயத்தில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து ஜெபம் சொன்னோம். மணியை மட்டும் நிறுத்தக் கூடாது என்பது மதரின் உத்தரவு. பகல் பன்னிரண்டுக்கு மணி அடித்தால் முன்பெல்லாம் பஸ் சத்தத்தில் அது பாதிதான் கேட்கும். இப்போது ஒலக்கூர் வரைக்கும் போய்த் திரும்பி வருவது போல ஒரு சத்தம். அடித்து முடித்த பிறகும் யாரோ தூரத்தில் அடித்துக்கொண்டிருப்பது போல இருக்கும். வாசலில் யாரும் வரமாட்டார்கள். தெரு நாய்கள் மட்டும் வரிசையாக வந்து உட்கார்ந்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆனால் சும்மா இருக்கிறோம் என்று நினைக்காதே. இந்த சிஸ்டர்கள் வேதம் சொல்லவும் வைத்தியம் பார்க்கவும் ஊர் ஊராகப் போய்ப் பழகியவர்கள், நாலு சுவருக்குள் அடைத்தாலும் அவர்களுக்குக் கை நிற்காது. காலையில் மாஸ்க் தைக்கிறார்கள். ஜினதாஸ் நயினார் என்று ஒரு சமணப் பெரியவர் செஞ்சிப் பக்கத்திலிருந்து கேப்பை மூட்டை அனுப்புகிறார், நான் கூழ் காய்ச்சுகிறேன், டிரைவர் குமரேசன் வேனில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். மத்தியானம் மூன்றிலிருந்து ஆறு வரை போன். தனியாக இருப்பவர்கள், வயதானவர்கள், மடத்துக் கண் முகாமுக்கு வந்தவர்கள் என்று எந்தச் சாமி கும்பிட்டாலும் சரி, நூற்று நாற்பது பேரை சிஸ்டர்கள் பங்கு போட்டுக்கொண்டு தினமும் கூப்பிடுகிறார்கள். சாப்பிட்டீங்களா, மாத்திரை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, விருப்பப்பட்டவர்களுக்கு ஒரு சின்ன ஜெபம். நான் சிஸ்டர் கலைப்பிரியா பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் குறிப்பேன். எடுத்தார், எடுக்கவில்லை, பேசினார், இருமுகிறார், இப்படி. இன்னொரு நோட்டும் என்னிடம்தான் இருக்கிறது. அது இறந்தவர்களுக்குப் பூசை வைக்க. விழுப்புரத்தில் பிணங்களை அடக்கம் செய்ய உதவும் பையன்கள் பெயர் அனுப்புவார்கள், நான் எழுதி வைப்பேன்.

கோலியனூரில் அம்சா என்று ஒரு அம்மா. சாமிக்குப் படையல் போடும் வீடுதான், ஆனாலும் சிஸ்டர் ஜெபம் சொன்னால் வரிக்கு வரி உம் கொட்டிக் கேட்பார்கள். கண் முகாமில் பழக்கம். நான்கு மணிக்கு அவர்கள் முறை. எப்போதும் ஒரே வேண்டுதல்தான், எங்க வூட்டுக்காரருக்கு வேண்டிக்கங்க சிஸ்டர் என்பார்கள். என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்டதில்லை, குடிக்கிறவராக இருக்கும் என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பேசவே இல்லை. எடுத்து, ஜெபம் முழுக்க ம் என்று மட்டும் சொன்னார்கள். தொண்டைக் கட்டு என்று குறித்தேன். திங்கட்கிழமையும் ம், ம் என்றுதான். ஆனால் சிஸ்டர் முடித்து வைக்கப்போகும்போது பெண்குரல் தெளிவாக வந்தது. அவர மறந்துடாதீங்க சிஸ்டர், நாளைக்கும் கூப்புடுங்க என்றது. போன் ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன். பேசினார் என்று நோட்டில் என் கையால் எழுதினேன். செவ்வாயும் புதனும் திரும்ப வெறும் ம்தான்.

வியாழன் காலை கூழை இறக்கிவிட்டு, முதல் நாள் இரவு வந்த பெயர்களை இறந்தவர்கள் நோட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். நாலாவது பெயர் அம்சா, கோலியனூர், கணவர் சீனுவாசன், தகனம் செவ்வாய்க்கிழமை. அம்சா என்று ஊரில் எத்தனையோ பேர் இருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பையன்கள் வீட்டு நம்பரையும் அனுப்பியிருந்தார்கள். மற்ற நோட்டை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நம்பர். வல்லரசு, வெளியே நல்ல வெயில், அடுப்பு பக்கத்திலேயே எரிகிறது, எனக்குக் கை ஜில்லென்று ஆகிவிட்டது. நேற்று நான்கு மணிக்கு அந்த நம்பரில் ஜெபம் கேட்டது யார்?

மதரிடம் ஓடினேன். அவர்கள் இரண்டு நோட்டையும் பார்த்துவிட்டு, கூப்புடும்மா என்று சிஸ்டர் கலைப்பிரியாவிடம் சொன்னார்கள். இரண்டு ரிங்கில் எடுத்தது. யாருங்க பேசுறது என்று சிஸ்டர் கேட்டார்கள். ம். அம்சாம்மாவா? ம். வேற யாராச்சுமா? ம். எது கேட்டாலும் அதே ஒரு சத்தம், ஆழத்திலிருந்து வருவது போல. சிஸ்டர் போனை வைக்கவில்லை. யாரா இருந்தாலும் சரி, நாங்க கெளம்பி வர்றோம், கட் பண்ணாதீங்க என்றார்கள்.

நானும் வேனில் ஏறிவிட்டேன். நீ திட்டுவாய், தெரியும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ரோடு அப்படிக் கிடந்து நான் பார்த்ததே இல்லை. டோல்கேட்டில் கம்பம் தானாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, கூண்டில் ஆள் இல்லை. நடு ரோட்டில் மயில் நடக்கிறது. எதிரே வந்ததெல்லாம் ஆம்புலன்ஸ்தான், அதுவும் சைரன் போடாமல், யாரை ஒதுங்கச் சொல்வதற்கு. விழுப்புரத்தில் போலீஸ்காரர் மறித்தார், சிஸ்டர் உடுப்பைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தடுப்பை நகர்த்தினார். வழியெல்லாம் சிஸ்டர் மடியில் அந்தப் போன் ஓடிக்கொண்டே இருந்தது. ஜெபம் சொன்னால் ம் வரும். நிறுத்தினால் மூச்சு மட்டும் கேட்கும்.

கோலியனூர் போய்ச் சேர்ந்தபோதுதான் எங்களுக்கு வீடு தெரியாது என்பதே உறைத்தது. தெரு முனையில் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். கதவெல்லாம் சாத்தியிருந்தது, கூப்பிட்டால் ஜன்னல் கூடத் திறக்கவில்லை. குமரேசன்தான் ஒரு யோசனை செய்தான். ஹாரனை அடித்துவிட்டு, சிஸ்டர், போனுல கேக்குதா பாருங்க என்றான். ரொம்ப தூரத்தில், கிணற்றுக்குள் அடித்தது போல எங்கள் ஹாரன் எங்கள் போனிலேயே கேட்டது. வேனை அடுத்த தெருவுக்கு விட்டான், அடித்தான், இன்னும் கிட்டே கேட்டது. இப்படியே தெருத் தெருவாக ஹாரன் அடிப்பதும் காதை வைப்பதுமாக ஊரைச் சுற்றினோம். கரும்புக் கொல்லை ஓரத்தில் கடைசி வீட்டின் முன்னால் அடித்தபோது வெளிச் சத்தமும் போன் சத்தமும் ஒன்றாகிவிட்டது.

கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர், குறுக்கே சிவப்பு நாடா, சங்கிலி வெளியே மாட்டியிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து கலைமதி என்கிற பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, அங்க யாரும் இல்லீங்க, காலி வூடு, அம்சாக்காவ சனிக்கெழம ஆம்புலன்சுல ஏத்துனாங்க, அவங்க வூட்டுக்காரர ஆனந்தராஜண்ணன் வெழுப்புரத்துக்கு இட்டுக்கினு போயிட்டாரு என்றாள். காலியா என்று சிஸ்டர் கேட்டு முடிக்குமுன் கையிலிருந்த போன் ம் என்றது. அதே நேரம் கதவுக்குப் பின்னாலிருந்தும் வந்தது. அந்தப் பெண் ஜன்னலை அறைந்து சாத்திக்கொண்டாள்.

சிஸ்டர்தான் சங்கிலியை எடுத்தார்கள். உள்ளே நாற்றம் ஆளைத் தள்ளியது. கட்டிலுக்குக் கீழே தரையில் ஒரு பெரியவர் கிடந்தார். அவர்தான் சீனுவாசன். வலது பக்கம் முழுக்க வாதம் அடித்து நாலு வருஷம் ஆகிறதாம், பேச்சு போய்விட்டது, காது நன்றாகக் கேட்கும், வாயில் வருவது அந்த ஒரு சத்தம்தான். சார்ஜரில் மாட்டிய போன் காதருகே இருந்தது. எட்டும் தூரத்தில் ஒரு குடம் தண்ணீர், காலியான கூழ்ச் சட்டி, அவித்த மல்லாட்டைக் கடலையின் தோல். போகும் அவசரத்திலும் அந்த அம்மா அவ்வளவையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். முதுகெல்லாம் புண், எறும்பு மொய்த்திருந்தது. இரண்டு பேருமாகக் கழுவித் துடைத்தோம். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை, எங்கள் தோளுக்கு மேலே சமையல்கட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை.

மடத்துக்குக் கொண்டுவந்துவிட்டோம். டெஸ்டில் அவருக்கு வியாதி இல்லை. அந்த ஆனந்தராஜ் பெரியவருடைய அண்ணன் மகன், அவரும் தொற்று வந்து விழுப்புரத்தில் ஒரு அறையில் தனியாகக் கிடந்திருக்கிறார். போன் செய்தோம். கலைமதி சோறு குடுத்துக்கினு இருக்கும்னு நெனச்சனே சிஸ்டர் என்று அழுதார். கலைமதி இவர் கூட்டிப்போய்விட்டார் என்று நினைத்திருக்கிறாள். யாரைக் குற்றம் சொல்வது. சித்தி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே போயிட்டாங்க என்றார். நான் என் நோட்டைத் திறந்து பார்த்தேன். திங்கள், நான்கு மணி, பேசினார். போன் வீட்டில், கதவு வெளியே மாட்டி, உள்ளே பேச்சில்லாத மனுஷர். மதரிடம் காட்டினேன். கூப்புடறது நம்ம வேல சவுரியம்மா, யாரு எடுத்தாங்கன்னு நாம தோண்ட வேணாம் என்று சொல்லி மூடிக் கொடுத்துவிட்டார்கள்.

அவருக்கு யார் சொல்வது என்று ஒரு நாள் தள்ளிப்போட்டோம். உன் அப்பா போனபோது எனக்குச் சொன்னவர்கள் சுற்றி வளைத்துச் சொன்னார்கள், அது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். அதனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே கஞ்சி ஊட்டி முடித்து, வாயைத் துடைத்துவிட்டு, அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். ஐயா, உங்க வூட்டம்மா தவறிட்டாங்க, திங்கட்கெழம காலையில என்றேன். அவர் அழவில்லை. இல்லை என்று தலையாட்டினார். நம்பவில்லை போலிருக்கிறது என்று திரும்பச் சொன்னேன். போனதுக்கு இல்லை என்று சொல்லவில்லை, திங்களுக்குத்தான் இல்லை என்கிறார் என்று சிஸ்டர் கலைப்பிரியாதான் கண்டுபிடித்தார்கள். செவ்வாயா ஐயா என்றார்கள். இல்லை என்று தலையாட்டினார். புதனா? அதற்கும் இல்லை. வியாழனா, நாங்க வந்தமே அன்னிக்கா என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டார், அப்போதுதான் கண்ணீர் இறங்கியது. அன்று ராத்திரி வரை அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. நேற்றிலிருந்து சாப்பிடுகிறார், புண்ணும் காய்கிறது. ஆனந்தராஜ் தேறியதும் வந்து அழைத்துப் போகிறேன் என்கிறார், மதர் ஆகட்டும் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

வேலையை விட்டுவிட்டு சங்கவி வீட்டில் போய் இரு என்று நீ சொல்கிறாய். பயம் எனக்கும் உண்டு மகனே, நான்கு மணி ஆனால் முதுகு சிலிர்க்கிறது. ஆனாலும் அந்த நோட்டை யாரிடம் கொடுத்துவிட்டு வருவேன். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இன்னொரு நம்பர் வாங்கி எழுதுகிறோம், சந்தேகம் என்றால் அன்றைக்கே குமரேசன் நேரில் போய்ப் பார்க்கிறான். தடுப்பூசி ஒன்று போட்டுக்கொண்டேன், அடுத்தது அடுத்த மாதம். நீ நிலவேம்பு கஷாயம் குடி, ஏசியில் ஈரத் தலையோடு படுக்காதே, கூட வேலை செய்கிறவர்களோடு ஒரே தட்டில் கை வைக்காதே. அந்தோனியார் உன்னைக் கை பிடித்து நடத்தட்டும், மாதா உன் தலைமாட்டில் காவல் இருக்கட்டும், நல்ல சுகத்தோடு உன்னைக் கண்ணால் காண எனக்கு ஆயுசு கொடுக்கட்டும்.

மறக்காமல் ஒன்று செய். கடைசிப் பக்கத்தின் பின்னால் மதர் நம்பரும் குமரேசன் நம்பரும் பால்காரர் பெரியசாமி நம்பரும் எழுதியிருக்கிறேன், மூன்றையும் போனில் ஏற்றிக்கொள். ஒரு நாள் என் குரல் வரவில்லை என்றால், அம்மாவை யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று மட்டும் இருந்துவிடாதே. ஆள் அனுப்பு.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அம்மா,
சவுரியம்மாள்