மூணு டியூப்பைத் தின்ன சோக்கு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. அப்பாவும் நானும் இங்க நல்லா இருக்கோம், நீயும் அங்க வேளைக்குச் சாப்பிட்டு, சளி காய்ச்சல்னு படுக்காம தெம்பா இருக்கணும், எங்களுக்கு அது போதும். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அப்பா வாசல்லயே நின்னு படிச்சு முடிச்சுட்டு, அப்புறம்தான் உள்ள வந்து கண்ணாடியைத் தேடினார், முதல் தடவை என்னத்தைப் படிச்சாரோ தெரியல. உன் அறையில டியூப் லைட்டு விட்டு விட்டு எரியுது, ரெண்டு மாசத்துல மூணு டியூப் மாத்தியாச்சு, வீட்டுக்காரம்மா நாலாவது வாங்கச் சொல்றாங்கன்னு எழுதியிருந்தே. வாங்காதே. அடிச்சுச் சொல்றேன், தப்பு டியூப்ல இல்ல. அம்மாவுக்கு இது எப்ப இருந்து தெரியும்னு கேப்பே. இந்த மாசம் பூரா எனக்கு இதுதான் வேலை, சொல்றேன் கேளு.

அச்சகத்துல நாங்க ஆறு பேர் உக்காந்து புத்தகம் தைக்கிற மேசை உனக்குத் தெரியும், அதுக்கு நேர் மேல ஒரு லைட்டு, முதுகுக்குப் பின்னாடி ஆள் உயரத்துக்குப் பேப்பர் கட்டு. அந்த லைட்டுதான் கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருந்தது. எங்க எலக்ட்ரீஷியன், சட்டைப் பையில எப்பவும் டெஸ்டர் குத்தியிருக்கிறதால எல்லாரும் டெஸ்டர் அண்ணன்னு கூப்பிடுவோம், அவர் வருவார், புது டியூப் மாட்டுவார், போயிடுவார். ரெண்டு வாரத்துல அதோட ரெண்டு முனையும் அடுப்புக்கரி மாதிரி கறுத்துடும். மூணாவது தடவை எனக்குப் பொறுக்கல. பக்கத்து லைட்டுல இருந்த ஸ்டார்ட்டரை இதுல மாட்டிப் பாருங்கன்னேன், அப்பவும் சிமிட்டல்தான். இதுல இருந்த புது டியூப்பைப் பக்கத்துல மாட்டச் சொன்னேன், அங்க சமத்தா எரிஞ்சது. டியூப்பும் நல்லது, ஸ்டார்ட்டரும் நல்லது, அப்ப மிச்சம் இருக்கிறது உள்ள உக்காந்திருக்கிற சோக்குதானே? அதுதான் டியூப்புக்குப் போற கரண்ட்டை அளவாக் கொடுக்கிறது, அது கெட்டா அளவு மீறிக் கொடுத்து டியூப்பை எரிச்சே தின்னுடும். டெஸ்டர் அண்ணன், பாக்கலாம் பாக்கலாம்னு நழுவிட்டார்.

மறுநாள் நான் தைச்சுக்கிட்டிருந்த புத்தகத்து மேல கறுப்பா ஒரு சொட்டு விழுந்தது. மைன்னு நெனைச்சுத் துடைச்சா பிசின் மாதிரி ஒட்டுது, மோந்து பாத்தா தார் வாசனை. நேரா மேனேஜர்கிட்ட கொண்டுபோய்க் காட்டினேன். அச்சகத்துல மை சொட்டாம பன்னீரா சொட்டும், உங்க வேலை தைக்கிறது, லைட்டு இல்லன்னு சொல்லிட்டார். சரிங்க, ஆனா தைக்கிறதுக்கு நாங்க உசுரோட இருக்கணும்லன்னேன். திரும்பி வந்து அந்த வரிசை சுவிட்சை அணைச்சுட்டு மேசையை விட்டு எழுந்து நின்னேன். ஒவ்வொருத்தியா மத்த அஞ்சு பேரும் எழுந்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் லைட்டு மூடியைக் கழட்டிப் பாருன்னு மேனேஜர்கிட்ட இருந்து உத்தரவு வந்தது.

டெஸ்டர் அண்ணன் ஏணியில ஏறினார். டெஸ்டரை வச்சா, சுவிட்சு அணைஞ்சிருந்தும் அது பளிச்னு எரியுது, எந்தப் புண்ணியவானோ வயரை மாத்திக் கொடுத்திருக்கான். உடனே இறங்கிப்போய் மெயினை அணைச்சுட்டு மறுபடி ஏறினார். வலது கையைத் தூக்கினார், அது தோளுக்கு மேல போகல. நெத்தியில வேர்வை. ஸ்க்ரூ இறுகிப்போச்சுன்னு இறங்கிட்டார். நான் அவர் முகத்தைப் பாத்தேன். நான் ஏறுறேன், நீங்க கீழ நின்னு சொல்லுங்கன்னு ஸ்க்ரூ டிரைவரை வாங்கிக்கிட்டேன். மூடியைக் கழட்டி உள்ள பாத்தேன். சோக்கு ஊதிப்போய் அதுக்குள்ள அடைச்சிருக்கிற தார் வழிஞ்சு கிடக்கு, வயர் மேல்தோல் கருகி, தொட்டா உதிருது, பின்னாடி பலகையில உள்ளங்கை அகலத்துக்குக் கரி. கீழே பாத்தா பேப்பர் கட்டு. மேனேஜர் தானே ஏறிப் பாத்தார். இறங்கி வந்து சட்டைக் கையை மடிச்சுவிட்டு முதல் கட்டை அவரே தூக்கி வெளிய வச்சார்.

அப்புறம் டெஸ்டர் அண்ணன் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார், எட்டு மாசமா தோள் இறுகிக் கிடக்காம், தெரிஞ்சா வேலை போயிடும்னு மறைச்சிருக்கார், டியூப்பை இடது கையாலயே திருப்பி எடுத்துடலாம், மூடியைக் கழட்ட ரெண்டு கையும் வேணும். எனக்குக் கோபம் பொங்கிடுச்சு. உங்க வேலைக்குப் பயந்து எங்க ஆறு பேரையும் நெருப்புக்குக் கீழ உக்கார வச்சீங்களே அண்ணேன்னு கேட்டுட்டேன். அதுக்காக அவரை விட்டுட முடியுமா, நானே மேனேஜர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். தோளுக்கு வைத்தியம் முடியுறவரைக்கும் ஏணி ஏறுறது நான், கீழ நின்னு சொல்றது அவர், அவர் வேலை அவருக்கேன்னு பேசி முடிச்சேன். மேனேஜர் இந்தத் தடவை மறுபேச்சுப் பேசல. அப்பாதான் இந்த வயசுல ஏணியான்னு ரெண்டு நாள் முணுமுணுத்தார், மூணாவது நாள் வழுக்காத செருப்பு ஒண்ணு வாங்கிட்டு வந்தார், ஒரு அளவு பெருசு, அதையே வாரை இழுத்துக் கட்டிப் போட்டுக்கிறேன்.

அதனால நீ செய்ய வேண்டியது இதுதான். லைட்டு ர்ர்ர்னு உறுமுதா, கருகின வாசனை வருதான்னு கீழ நின்னே பாரு. ரெண்டுல எது இருந்தாலும் அந்த லைட்டைப் போடாதே, வீட்டுக்காரம்மாகிட்ட சோக்கு போயிடுச்சுன்னு தெளிவாச் சொல்லி ஆள் கூட்டிட்டு வரச் சொல்லு, கூச்சப்படாதே. நீயா கழட்டாதே, அம்மா ஏறினப்போ கீழ விஷயம் தெரிஞ்சவர் ஒருத்தர் நின்னார்.

இங்க அச்சகத்துல மொத்தம் இருபத்திரண்டு லைட்டையும் திறந்து பாத்து, அஞ்சு சோக்கு மாத்தினோம், தப்பாக் கொடுத்திருந்த வயரையும் சரி பண்ணியாச்சு. போன சனிக்கிழமை கடைசி மூடியை மாட்டிட்டு மெயினைப் போட்டோம். ஒண்ணுகூடச் சிமிட்டல, ஒரு சத்தம் இல்ல. மத்தவங்க எல்லாம் குனிஞ்ச தலை நிமிராம அவங்க அவங்க வேலையைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. நானும் டெஸ்டர் அண்ணனும் மட்டும் அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னோம்.

நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நல்ல மனுஷங்க நடுவுல நீடூழி வாழணும்மா. பல் டாக்டர்கிட்ட போற தேதியை இந்தத் தடவையும் தள்ளிப் போடாதே.

எப்பவும் உன் நெனைப்பா இருக்கிற,
அம்மா